மஞ்சளுக்கு அடியில் வெள்ளை

ஞாயிறு, காலை 6.25.

ஏரியில் மஞ்சளாக ஏதோ மிதந்தது. வலை எடுக்க வந்தவர் அதைக் குப்பை என்று நினைத்துத் துடுப்பால் தள்ளினார். அது நகரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தார். உடைந்துபோன பிளாஸ்டிக் உருண்டையின் பாதி. நீந்துகிறவர்கள் தூரத்துக்குத் தெரியட்டும் என்று இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்வார்களே, அது. கயிற்றின் மறுமுனையில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள்.

அவர் போட்ட கூச்சல் கரைவரை கேட்டது.

பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவள். தினமும் விடிந்ததும் கரையோரமாக ஒரு சுற்று நீந்துவாள். அந்தப் பக்கம் படகு ஓட்டக்கூடாது என்று பலகையே நட்டிருக்கிறது. தலையில் பலத்த அடி. மூச்சு இருந்தது. நினைவு இல்லை.

"ஒரே பனிமூட்டம் சார். மோட்டார் சத்தம் கேட்டுச்சு. நீலப் படகு ஒண்ணு துறைப் பக்கம் பறந்துச்சு. அதுக்கு மேல சத்தியமா தெரியாது," என்றார் வலைக்காரர்.

துறையில் நீலப் படகுகள் இரண்டுதான்.

திங்கள், காலை 9.20.

பக்கத்துத் தச்சுப் பட்டறையில் ரம்பம் அலறிக்கொண்டிருந்தது. காற்று மரத்தூளையெல்லாம் படகுத்துறைக்குள் வாரிக் கொண்டுவந்து கொட்டியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அவருக்கு எதிரே, கரையேற்றி வைத்த ஒரு நீலப் படகில் சாய்ந்து நின்றான் படகின் சொந்தக்காரன். அவனுக்கு ஓரடி தள்ளி அவனுடைய அக்கா. வெயிலில் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டும் பழைய ஃபைபர் படகுகளுக்கு மெருகேற்றுவது அவள் தொழில். துறையில் எல்லோருக்கும் அவள் பாலிஷக்கா. அவளுடைய மகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தது அந்த டீச்சர்தான். நேற்று முழுக்க அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துவிட்டு விடியற்காலைதான் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை படகை எடுத்தியா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"எடுத்தேன் சார். அஞ்சே முக்காலுக்கு. ஆறே முக்காலுக்கெல்லாம் கரையேத்திட்டேன்."

"எதுக்கு அவ்வளவு சீக்கிரம்?"

"சனிக்கிழமைதான் பாலிஷ் போட்டோம். ஓட்டிப் பாக்க ஆசையா இருந்துச்சு."

"எந்தப் பக்கம் போனே?"

"நடு ஏரிக்கு."

"டீச்சரை இடிச்சியா?"

"நான் யாரையும் பாக்கல சார்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. தம்பி அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

"இதைப் பாருங்க சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் பக்கத்தில் நின்றவர். படகுக்காரர்கள் சங்கத்தின் செக்ரட்டரி. இன்ஸ்பெக்டரை நேராக இந்தப் படகுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். படகின் முன்பக்கம், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, முழநீளத்துக்கு ஒரு கீறல். அதன் உள்ளே மஞ்சள்.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த பாதி உருண்டையைக் கீறலருகே பிடித்தார். ஒரே மஞ்சள். உருண்டையின் மேல் வெளிர்நீலத்தில் ஒரு தடம் இழுபட்டிருந்தது. பையைத் திருப்பியபோது அந்தத் தடத்திலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்து பையின் மூலையில் சேர்ந்தது.

"இன்னொரு நீலப் படகு யாரோடது?"

"என்னோடதுதான் சார்," செக்ரட்டரி தயங்காமல் கைகாட்டினார். பத்தடி தள்ளி, வண்டிமேல் ஏற்றி வைத்திருந்தது. பழைய படகுதான், ஆனால் பளபளத்தது. மரத்தூள் அப்பி, மாவில் புரட்டியதுபோல் இருந்தது. "போன மாசம் வெளியூர்லேர்ந்து ஆள் வரவச்சு பாலிஷ் போட்டு, தார்ப்பாய் போட்டு மூடித்தான் வச்சிருந்தேன். ஒரு கீறல் இருக்கான்னு தடவிப் பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமை நான் வீட்டை விட்டே நகரல."

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீறல் இல்லை. மஞ்சள் இல்லை.

"பன்னெண்டு மணிக்கு ஜீப் வரும்," என்றார் தம்பியிடம். "சட்டை மாத்தணும்னா மாத்திக்கோ."

காலை 10.05.

தம்பி படகின் நிழலில் குந்தி உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் முன்னால் போய் நின்றாள்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா. நீ இடிச்சியா?"

அவன் மண்ணைக் கிளறினான். "சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை குடுக்கணும். மறந்துடாதக்கா."

அதற்குமேல் அவனிடம் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கீறலைத் தடவினாள். அவளுக்குத் தெரிந்த கீறல்தான். துறையின் தூணில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி போன வருஷம் போட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் போகாத ஆழம். அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை விட்டுவிட்டார்கள். ஆனால் அதை யார் நம்புவார்கள்? அக்காவின் சாட்சி தம்பிக்குச் செல்லாது.

பழைய கீறல் என்பதாலேயே அங்கே உருண்டை மோதியிருக்காது என்றும் சொல்ல முடியாது. அவளால்கூடச் சொல்ல முடியாது.

தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கீறலின் ஓரத்தில் மெதுவாகச் சுரண்டினாள். மஞ்சள் ஒரு நூலாகச் சுருண்டு வந்தது. அதற்கு அடியில் காய்ந்து இறுகிய வெள்ளை. இன்னும் சுரண்டினாள். வெள்ளைக்கு அடியில் நீலம்.

கீறலுக்கு இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். பக்கங்களில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை.

"சார்! கொஞ்சம் வாங்க!" அவள் குரல் அவளுக்கே யாரோ கத்தியதுபோல் கேட்டது.

காலை 10.40.

"இந்த வெள்ளை என்ன?" இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினார்.

"காம்பவுண்ட் சார். மெருகேத்துற பசை. மெஷின்ல தேய்க்கும்போது கீறல் இருந்தா உள்ளே போய் உக்காந்துக்கும். காஞ்சா கல்லு மாதிரி. சனிக்கிழமை போட்டது. கீறல் அதுக்கும் முந்தினது."

"ஞாயித்துக்கிழமை இடிச்சப்புறம் போட்டிருக்கலாமே?"

"அப்ப வெள்ளை மேல இருக்கும், மஞ்சள் அடியில இருக்கும். இல்லாட்டி மெஷின் மஞ்சளையே வழிச்சிருக்கும்."

"சரி. பழைய கீறல். அது மேலயே உருண்டை மோதிடுச்சுன்னா?"

"மோதினா மஞ்சள் அகலமா ஈஷியிருக்கும் சார். இது கோடு போட்ட மாதிரி கீறலுக்குள்ள மட்டும் இருக்கு. யாரோ துண்டு மஞ்சளை எடுத்து, இருக்குற கீறல்ல வச்சுத் தேய்ச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். "கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நீலப் படகு இடிச்சது நெஜம்தானே? உருண்டையில நீலம் இருக்கே."

"அந்தப் பையைக் குடுங்க சார்."

கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக் காட்டினார். பையின் மூலையில் வெளிர்நீலப் பொடி.

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். "சார், உங்க கையை எங்க படகுல நல்லா அழுத்தித் தேய்ங்க."

தேய்த்தார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"மெருகேத்தின படகு பொடி உதிர்க்காது. மேலே செத்துப்போன தோலெல்லாம் சனிக்கிழமையே போயிடுச்சு. டீச்சரை இடிச்சது வெளுத்துப்போன படகு. ஞாயித்துக்கிழமை காலையில தொட்டா கையில ஒட்டிக்கிற படகு."

"அப்படி ஒரு நீலப் படகு இங்கே இல்லையேம்மா," என்றார் செக்ரட்டரி. எப்போது பின்னால் வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. "என்னோடது கண்ணாடி மாதிரி இருக்கு. சார் பாத்தாரே."

ரம்பம் ஒரு கணம் நின்று மறுபடி அலறியது. காற்று இன்னொரு வீச்சு மரத்தூளைக் கொண்டுவந்து கொட்டியது. அக்காவின் தலைமுடியில், இன்ஸ்பெக்டரின் தோளில், இரண்டு படகுகளின்மேலும். தம்பியின் படகில் விழுந்த தூள் வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது.

அவள் திரும்பி அடுத்த படகைப் பார்த்தாள். பிறகு அதை நோக்கி ஓடினாள்.

காலை 11.10.

"தொடாதீங்க! அது என் படகு!" செக்ரட்டரி குறுக்கே பாய்ந்தார்.

"தடவிப் பாத்துக்குங்கன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?" இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கைவைத்து நிறுத்தினார். "பாக்கட்டும்."

அக்கா ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள். "சார், மெருகு போட்ட படகுல தூசி நிக்காது. இதுல காலையிலேர்ந்து விழுந்த தூள் மொத்தமும் அப்பிக் கெடக்கு. செங்குத்தா இருக்குற பக்கத்துல கூட. ஏன்?"

"ஏன்?"

"பிசுக்கு சார். சமையல் எண்ணெய். வெளுத்த படகு மேல எண்ணெய் தடவினா நிறம் திரும்பி வந்த மாதிரி பளபளன்னு தெரியும். விக்கிறவங்க ஏமாத்துறதுக்குச் செய்வாங்க. நாலு நாள்கூட நிக்காது."

இன்ஸ்பெக்டர் கேட்பதற்குள் அவள் வாளியில் சோப்புப் பொடியைக் கரைத்திருந்தாள். துணியை முக்கி, முன்பக்கத்தில் ஆரம்பித்து வழித்தாள். எண்ணெயும் தூளும் சேறாக ஒழுகின. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள். வெயிலில் காயக் காய, கண்ணாடி போலிருந்த நீலம் செத்து, வெளிறி, சாம்பல் பூத்தது. இன்ஸ்பெக்டர் கை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க வெளிர்நீலப் பொடி.

ஓர் இடம் மட்டும் வெளுக்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு சாண் அகலத்துக்கு அடர்நீலமாக, புதுசு போல் நின்றது.

"இது என்ன?"

"இந்த இடத்தை மட்டும் யாரோ உக்காந்து அழுத்தித் தேய்ச்சிருக்காங்க சார். இங்கே மஞ்சள் ஈஷியிருந்திருக்கும். அதைத் தேய்ச்சு எடுத்ததுல வெளுப்பும் சேந்து போயிடுச்சு. அழுக்குச் சட்டையில ஒரு இடம் மட்டும் துவைச்ச மாதிரி பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். அந்த இடத்தை மறைக்கத்தான் மொத்தப் படகுக்கும் எண்ணெய் தடவ வேண்டியதாப் போச்சு." அவள் செக்ரட்டரியைப் பார்த்தாள். "இடிச்சது நீங்கதான். எங்க படகுல மஞ்சளைத் தேய்ச்சதும் நீங்கதான்."

"சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதே! நான் வீட்டுல..."

"மத்தப் பாதி உருண்டை எங்கே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

செக்ரட்டரியின் கண் ஒரு நொடி தன் படகின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் போய்விட்டு வந்தது. இன்ஸ்பெக்டரோடு வந்திருந்த கான்ஸ்டபிள் ஏறிப் பார்த்தார். கருவிப்பெட்டிக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில், கிழிந்த துணியில் சுருட்டி வைத்திருந்தது. ஒரு முனை தேய்ந்து மழுங்கியிருந்தது.

செக்ரட்டரி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"படகு பாக்க ஒருத்தர் வர்றதா இருந்துச்சு. மோட்டாரை ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்னு... பாதி உருண்டை படகுக்குள்ள தெறிச்சு விழுந்தப்பதான் தெரிஞ்சுது. நின்னுருப்பேன் சார். திரும்பிப் பாத்தேன், கை அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. நீந்திப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்."

"நெனச்சுட்டுப் போயிட்டீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "எந்திரிங்க."

மதியம் 12.15.

ஜீப் செக்ரட்டரியை ஏற்றிக்கொண்டு போனது. தச்சுப் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை, ரம்பம் ஓய்ந்திருந்தது. தம்பி இன்னும் அதே நிழலில்தான் இருந்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். சோப்பும் எண்ணெயும் ஊறி அவள் விரல்கள் சுருங்கியிருந்தன.

"ஒண்ணு சொல்லணும்டா. ஊக்கை வச்சு நோண்டினேனே, அது உன்னைக் காப்பாத்த இல்ல. நீதானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்னுதான் நோண்டினேன்."

"தெரியும்கா."

"கோவமா?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

"பனியில ஒண்ணுமே தெரியல. திரும்பி வர்றப்ப அடியில ஏதோ டொக்குன்னு இடிச்சுது. மரக்கட்டைன்னு நெனச்சேன். நின்னு பாத்தேன், தண்ணிதான் தெரிஞ்சுது. கரைக்கு வந்தா டீச்சரைத் தூக்கிட்டு ஓடுறாங்க." இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். "நேத்துலேர்ந்து நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்கா. இன்ஸ்பெக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொல்ல வாய் வரல. ஆமான்னும் சொல்ல வரல."

"அது கட்டையேதான்டா," என்று அக்கா அவன் பிடரியில் கையை வைத்தாள். அவன் உடம்பு ஒருமுறை குலுங்கி அடங்கியது.

அவளுடைய கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள். அக்கா காதில் வைத்துக் கேட்டாள். "ம்... ம்... டாக்டர் என்ன சொல்றார்?... சரி, நீ அங்கேயே இரு."

தம்பி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிட்டா கண்ணைத் திறக்குறாங்களாம். பேச்சு இன்னும் வரலையாம். நாளைக்குத்தான் சொல்ல முடியும்ங்கிறார். எந்திரி, போலாம்."

"நான் வரலக்கா. டீச்சர் வீட்டுக்காரர் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"இப்ப முழிக்கலாம்டா," என்று சொல்லி அவள் கையை நீட்டினாள்.