துவைத்தும் போகாதது

வீட்டில் எல்லோரும் நண்டு என்று கூப்பிடும் சிறுமி இரண்டு நாளாக அப்பாவின் அறைக்குள் கால் வைக்கவில்லை. கதவுக்கு வெளியே, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கொள்ளையடிக்க வந்தவ மாதிரி இருக்கே. உள்ள வாடி,” என்றார் அப்பா.

“மாட்டேன்பா. கிளாஸ்ல என் பக்கத்துல உக்கார்றவளுக்கு ரூபெல்லா வந்திருக்கு. உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. உங்களுக்கு ஒட்டிக்கிட்டா?”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அப்பாவின் சிறுநீரகங்கள் வேலை செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம்தான் வாரத்தில் மூன்று நாள் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அடுத்த மாதம் அத்தை தன் சிறுநீரகம் ஒன்றைத் தரப்போகிறாள். அதற்குள் அப்பாவுக்கு நோய் ஏதும் வந்தால் ஆபரேஷன் தள்ளிப்போய்விடும்.

“அது எனக்குச் சின்ன வயசுலயே வந்துட்டுப் போயிடுச்சு. ஒரு தடவை வந்தா எதிர்ப்புச் சக்தி ரத்தத்துலயே தங்கிடும். மறுபடி வராது.”

நண்டு யோசித்தாள். சலவைக்கடைக்காரர் மகளாயிற்றே.

“அதுக்கப்புறம் உங்க ரத்தத்தை எத்தனை தடவை கழுவியிருக்காங்க? அடிக்கடி துவைச்சா சாயம் போயிடும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்கதானே சொல்வீங்க?”

துணி விஷயத்தில் மகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரத்தமும் அப்படித்தானோ என்று அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்பா உள்ளேயும் மகள் வெளியேயும் உட்கார்ந்து கவலைப்பட்டால் ஆகுமா? நண்டு போனை எடுத்து ஆஸ்பத்திரி நர்ஸிடம், தோழியின் பொட்டு முதல் துணியின் சாயம் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“மறைக்காம சொன்னியே, நல்லதாப் போச்சு. உனக்குத் தடுப்பூசி போட்டிருக்கா?” என்று கேட்டார் நர்ஸ்.

“போட்டாச்சு, சிஸ்டர். கொஞ்சமாத்தான் அழுதேன்.”

“சரி. அப்பா ரத்தத்தையும் ஒரு தடவை பார்த்துடலாம்.”

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, நண்டு சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அப்பாவோட எதிர்ப்புச் சக்தி அப்படியே இருக்கு.”

“இவ்வளவு கழுவியும் போகலையா?”

“இயந்திரத்துல இருக்கிற அந்த வடிகட்டியைப் பாரு. அதுல இருக்கிற ஓட்டையெல்லாம் கண்ணுக்கே தெரியாத பொடிசு. கழிவு அது வழியா போயிடும். நோயோட சண்டை போடுறது பெருசு, அதுல நுழையாது. ஆனா சிலருக்குக் குறைஞ்சும் போகலாம். அதனாலதான் பார்க்கச் சொன்னேன்.”

நண்டு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்து சிவப்பாகக் கிளம்பிய ரத்தம், குழாய் வழியே சுற்றி, மறுபடி அவர் கைக்கே வந்து சேர்ந்தது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதைத் தினமும் மறக்கிற அப்பா. அவர் ரத்தமோ, அவர் நண்டு அளவு இருந்தபோது வந்த நோயை இத்தனை வருஷமும் மறக்கவில்லை. யாரும் சொல்லாமலே, அவர் தூங்கும்போதும் விழித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்று சாயங்காலம் துண்டைத் துவைக்கிற கூடையில் போட்டுவிட்டு, நேரே போய் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“எங்கடி அந்தக் கொள்ளைக்காரி?”

“ஓடிட்டாப்பா. உள்ள காவல் பலமா இருக்காம்.”