ஒற்றை விரலில் திரும்பிய ஸ்டீரிங்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் அன்று நல்ல கூட்டம். ஐப்பசி மழை ஜன்னல் வழியே சாரலாக அடித்தது. அத்தாவுக்கு வாங்கிய சர்க்கரை நோய் மாத்திரைகளை மடியில் வைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள் பரிதா. பின்னால் நின்றிருந்த ஒருவன் கண்டக்டரிடம் பேசிக்கொண்டே வந்தான். அவள் முதலில் காது கொடுக்கவில்லை. 'கவுஸ் பாய்' என்ற பெயர் விழுந்ததும் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன...

அது அவளைப் பெற்ற அத்தாவின் பெயர்.

கவுஸ் பாயின் பெரிய காரை விலைக்கு எடுக்குமுன் பார்த்து வரும்படி முதலாளி தன்னை அனுப்பியிருப்பதாக அவன் சொன்னான். போன வாரம் ஒகேனக்கல் இறக்கத்தில் அந்தக் கார் பள்ளத்து ஓரம் போய் நின்றதாமே என்று கண்டக்டர் கேட்டார்.

"வண்டி என்னங்க பண்ணும்? கெழவருக்குக் கை போயிடுச்சாம். அவ்ளோ பெரிய வண்டிய எத்தினி நாளைக்கு ஒடிச்சுத் திருப்புவாரு?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. இரக்கமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெடுக்கெனத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய ஈர முடி, நகக்கண்ணில் கிரீஸ் கறை, எதையோ உற்றுக் கேட்பது போன்ற அகன்ற கண்கள்... அழகான கண்கள்தான். அப்படித் தோன்றியதற்காகவே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பஸ் நின்றதும், இறங்கிய அத்தனை பேரில் அவளிடமே வந்தான்.

"ஏங்க, கவுஸ் பாய் வூடு எந்தப் பக்கம்ங்க?"

வீடு பள்ளிவாசலை ஒட்டி இரண்டாவது தெரு. பரிதா எதிர்த்திசையில் கையை நீட்டினாள்.

"ஏரிக்கரை வரைக்கும் போங்க. அங்க கேளுங்க."

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். தலை முதல் கால் வரை நனைந்துபோய் நின்றான் அவன். அவளைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது போல மெல்லச் சிரித்தான்.

"ஏரி நல்லா ரொம்பியிருக்குங்க. பாத்துட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவன் பெயர் முனாப் என்றும், தருமபுரியில் சென்னப்பன் ஷெட்டில் மெக்கானிக் என்றும் உள்ளே இருந்த அத்தாவிடம் அவன் சொன்னதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

முகம்மது கவுஸ் எழுந்து வரவில்லை. சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரிடம் அவர் வாங்கிய அமெரிக்கக் கார் அது. ஊரே அதைக் 'கப்பல்' என்றுதான் சொல்லும். பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாதிக் கல்யாணமாக இருந்தாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கப்பல்தான். இரண்டு வருஷமாக அதன் ஸ்டீரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டே வந்தது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வயது அறுபத்திரண்டு, உடம்பில் சர்க்கரை, கையில் பலம் குறைகிறது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். போன வாரம் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவில் எவ்வளவு முறுக்கியும் சக்கரம் திரும்பவில்லை. பள்ளத்துக்கு ஒரு அடி இருக்கும்போது பிரேக் பிடித்தது. வண்டியில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அன்றிலிருந்து அவர் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதை விற்றுவிட முடிவு செய்து, நாளைக் காலை முனாப்பின் முதலாளி சென்னப்பன் நேரில் வந்து விலை பேசி முடிப்பதாக ஏற்பாடு.

மழை சற்று ஓய்ந்திருந்தது. முனாப் காரில் ஏறி எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீரிங்கைத் திருப்பினான். திரும்பவில்லை. இரண்டு கையாலும் முழு பலம் கொடுத்தான். நரம்பு புடைத்ததுதான் மிச்சம். அவன் புருவம் சுருங்கியது. இறங்கி டயர்களில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான். சரியாக இருந்தது. ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினான். இப்போது சுலபமாகத் திரும்பியது. வாசல் நிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்ற பரிதாவிடம், வளைவில் திரும்பும்போது கிறீச்சென்று சத்தம் வருமா என்று கேட்டான். ஒரு வருஷமாக வருவதாக அவள் சொன்னாள்.

பானட்டைத் திறந்து குனிந்தான். ஒரு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். அது தொளதொளவென்று ஆடியது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவின் மூடியைத் திருகிக் குச்சியை விட்டு எடுத்தான். குச்சியின் நுனியில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் அவன் அசையவே இல்லை.

அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள்.

"என்ன ஆச்சுங்க?" என்றாள்.

அவன் பானட்டை மூடினான். கையைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"நாளைக்குச் சொல்றேங்க."

"காருக்கு என்னன்னு சொல்ல நாளு பாக்கணுமா? இல்ல... மொதலாளியக் கேட்டுத்தான் சொல்லணுமா?"

அவன் நிமிரவில்லை. ஒரு வார்த்தை பதில் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்தத் தூறலில் நடந்துபோனான். 'இவனும் ஒரு வியாபாரிதான்... அந்தக் கண்ணைப் பார்த்து ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேனே' என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான் முனாப். கண்கள் சிவந்திருந்தன. தோளில் ஒரு பெல்ட், கையில் ஒரு டின் எண்ணெய். வாசலிலேயே நின்று அவளிடம் சொன்னான்.

"இது கை பலத்துல திரும்புற வண்டி இல்லீங்க. எஞ்சின் ஓடுறப்ப ஒரு பம்ப்பு ஓடும். அது எண்ணெயத் தள்ளித்தான் சக்கரத்தத் திருப்பும். அந்த எண்ணெய் ஒழுகிப் போச்சு. பெல்ட்டும் தேஞ்சு வழுக்குது. உங்க அத்தா ரெண்டு வருசமா இந்தக் கப்பல வெறுங்கையால ஓட்டிருக்காருங்க. எனக்கு வயசு இருபத்தேழு. நேத்து என்னாலயே திருப்ப முடியல."

பரிதா கண்ணில் முட்டிய நீரை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எண்ணெய் ஒழுகிய ரப்பர் குழாயின் வெடித்த முனையை அவன் வெட்டி எறிந்தான். மீதியை இழுத்துப் பொருத்திக் கிளிப்பை முறுக்கினான். புது பெல்ட்டை மாட்டி எண்ணெய் ஊற்றினான். எஞ்சினை ஓடவிட்டதும் பம்ப்பு முனகியது. ஸ்டீரிங் அசைய மறுத்தது. அவள் படியிறங்கி அருகில் வந்தாள்.

"எண்ணெய்க்குள்ள காத்து மாட்டிக்கிட்டிருக்குங்க. கொஞ்சம் பொறுங்க" என்றான்.

இடக்கோடி வரை, வலக்கோடி வரை, மறுபடி இடம், மறுபடி வலம்... டப்பாவில் நுரை கொப்புளித்துக் கொப்புளித்து அடங்கியது. எண்ணெய் குறையக் குறைய அவனே இறங்கி ஊற்றினான். முனகல் தேய்ந்து நின்றது. அவன் இறங்கி விலகிக்கொண்டான்.

பரிதா உள்ளே போய் அத்தாவை அழைத்தாள். அவர் மறுத்தார். தன் கையை நம்பி இனி ஓர் உயிரையும் ஏற்ற மாட்டேன் என்றார்.

"கை வேணாம் அத்தா. ஒத்த விரல் போதும். வந்து வெச்சுத்தான் பாருங்களேன்."

மகளின் குரலில் இருந்த நடுக்கம்தான் அவரை எழுப்பியிருக்க வேண்டும். வந்தார். ஸ்டீரிங்கின் முன் உட்கார்ந்தார். ஒரு விரலை வளையத்தில் வைத்துத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு திரும்பியது. முன்சக்கரங்கள் ஈர மண்ணை ஒதுக்கிக்கொண்டு வளைந்தன. அவர் விரலை எடுத்துத் தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டீரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னப்பனின் ஜீப் வந்து நின்றது. ஸ்டீரிங் போன பழைய வண்டி என்று அடிமாட்டு விலைக்கு எடுத்து, பெங்களூரில் கைமாற்றிவிட அவர் ஏற்பாடு செய்திருந்தார். திறந்த பானட்டையும் முனாப்பின் எண்ணெய்க் கைகளையும் பார்த்ததுமே நிலவரம் தெரிந்துவிட்டது. தன்னைக் கேட்காமல் எப்படிக் கை வைத்தாய் என்று கேட்டார். கோளாறு சின்னது, தெரிந்தே அதை மறைத்து வாங்கினால் நியாயமில்லை என்று முனாப் அமைதியாகச் சொன்னான்.

சென்னப்பனின் பார்வை வாசலுக்குப் போனது. முக்காட்டுக்குள் நின்ற பரிதாவிடம் ஒரு நிமிஷம் தங்கியது.

"ஓ... சங்கதி அப்பிடிப் போகுதா. பொண்ணப் பாத்ததும் நியாயம் பொறந்துடுச்சு. இனி என் ஷெட்டுப் பக்கம் வந்துடாத."

ஜீப் போய்விட்டது. கவுஸ் பாய் காரைவிட்டு இறங்கினார். ஈரம் காயாத கண்களில் இப்போது வேறொரு கனல் தெரிந்தது.

"அவரு சொல்றது நெசமா தம்பி?"

பரிதாவுக்குள் 'இல்லன்னு சொல்லுங்களேன்...' என்று ஒரு மனம் கெஞ்சியது. 'அப்பிடிச் சொல்லிடாதீங்க...' என்று இன்னொரு மனம் தவித்தது.

"நேத்தே எனக்குத் தெரியும் பாய்" என்றான் முனாப். "தெரிஞ்சும் வேலைக்குப் பயந்து வாய மூடிக்கிட்டுப் போனேன். அந்தத் தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஸ்பானர்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டான். கவுஸ் பாய் நீட்டிய எதையும் வாங்கவில்லை. வாசலைக் கடக்கும்போது அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டான்.

மூன்று வாரம் ஓடியது. கப்பல் மறுபடி கல்யாணங்களுக்குப் போனது. கவுஸ் பாய் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் வளைவுகளைத் திருப்பினார். பரிதாவுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாரி ஷெட்டில் அவன் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். வாரம் ஒருமுறை வந்து குழாயைப் பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா? வரவில்லை. வராதவனை எதற்கு நினைக்க வேண்டும்? சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையேதான் நினைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கவுஸ் பாய் சாவியை எடுத்தார்.

"மொரப்பூர் வரைக்கும் போயிட்டு வரலாம் வாம்மா. குழா ஒழுகுதான்னு அந்தத் தம்பிகிட்டக் காட்டணும்."

குழாய் சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பது தினமும் அதைத் துணியால் தொட்டுப் பார்த்துவந்த அவளுக்குத் தெரியும். அத்தா தன்னைக் கவனித்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. முகம் சிவக்கப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஷெட் வாசலில் கார் நின்றபோது மழை பிடித்திருந்தது. சர்க்கரை போடாத டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கவுஸ் பாய் எதிரே இருந்த கடைக்குப் போய் இவர்கள் கண்ணில் படும்படியாக உட்கார்ந்துகொண்டார். முனாப் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

பானட்டைத் திறந்தான். குழாயைத் தடவினான். எண்ணெயைப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்றான், எஞ்சினைப் பார்த்தபடியே.

பின் கதவைத் திறந்து அவள் இறங்கினாள். மழைத்துளிகள் முக்காட்டில் விழுந்து கண்ணிமைகளில் உருண்டன.

"அன்னைக்கு அத்தா கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல."

அவன் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"என்னன்னு சொல்றதுங்க? சென்னப்பன் சொன்னதுல பாதி நெசம். உங்க அத்தாவோட கைய நெனச்சுத்தான் பெல்ட் வாங்குனேன். ஆனா அன்னைக்கு விடியிற வரைக்கும் கண்ணுக்குள்ள நின்னது... நீங்க கேட்டப்ப இருந்த உங்க மொகம். அதுக்கப்புறம் உங்க வூட்டுப் படிய மிதிச்சா, பொண்ணுக்காகத்தான் செஞ்சேன்னு ஆயிடும். செஞ்ச நல்லதும் வெலைக்கு வித்த மாதிரி ஆயிடும். அதான் வரல."

பரிதா தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வாரமாக நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த எதுவோ இளகி, மழையோடு மழையாகக் கரைந்து இறங்கியது. சொல்லிவிட வேண்டும்... இப்போது சொல்லாவிட்டால் இவனும் சொல்ல மாட்டான், தன்னாலும் தாங்க முடியாது.

"நீங்க வருவீங்கன்னு தினமும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. வெலையுமில்ல, கடனுமில்ல."

அவன் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. அந்த அகன்ற கண்கள் அவளை முதல்முறையாக, ஒளிவு மறைவில்லாமல் பார்த்தன.

"பாதி நெசம்னு சொன்னேன்ல... பொய்ங்க. முழுசும் நெசம்தான்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வெளியே தெரிந்தது.

"அப்ப அத்தாகிட்டப் போயி அத முழுசாச் சொல்லுங்க."

முனாப் மழையில் கைகளை நீட்டிக் கழுவிக்கொண்டு, டீக்கடையை நோக்கி நடந்தான். அவன் வருவதைப் பார்த்த கவுஸ் பாய், பெஞ்சில் சற்றே நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.