பத்துக்கு அடுத்து பன்னிரண்டு

2008 நவம்பர் பதினோராம் தேதி காலை, மதுரை பசுமலைக்கு அப்பால் உள்ள ஒரு பங்குக் கோயிலின் அலுவலகக் கணினியில் பழைய எக்செல் நீக்கப்பட்டுப் புதிய பதிப்பு போடப்பட்டது.

அன்று முற்பகலில் கோயில் குமாஸ்தா பெனடிக்ட் கல்லறைத் தோட்டத்தின் கோப்பைத் திறந்தபோது திரை வெறும் வெள்ளையாக இருந்தது. பெயர்கள் மட்டும் மிதந்தன. கட்டங்களின் கோடுகள் இல்லை, இடப்பக்கத்து வரிசை எண்கள் இல்லை, அடியில் தாள்களின் பெயர்ப்பட்டையும் இல்லை. ஒரு கட்டம் ஒரு குழி என்று சில வருஷங்களுக்கு முன் அவனே உட்கார்ந்து அமைத்தது அது. கோடுகள் போனதும், நடுச்சுவர்களை இடித்துவிட்ட ஒரு வீட்டில் எல்லாரும் நெருக்கியடித்துப் படுத்திருப்பதைப் போல அவனுக்குப் பட்டது.

சன்னலுக்கு வெளியே சிவனாண்டி மண்வெட்டியோடு நனைந்துகொண்டு நின்றார். வழக்கமாகக் குழி வெட்டுகிறவர் ஊரில் இல்லாததால், முதல் முறையாக அங்கே வந்தவர்.

"எந்தக் குழி சாமி? சட்டுனு சொல்லுங்க. மழை வலுத்துச்சுன்னா குழி கெணறாயிரும்."

லூர்துராஜ் வாத்தியாரை அன்று மாலை அவர் மனைவி தெரசாவின் குழியிலேயே அடக்கம் செய்ய வேண்டும். பல வருஷம் ஆன குழியைக் குடும்பத்தாருக்காக மறுபடி திறப்பது அங்கே வழக்கம். இரண்டு நாள் மழையில் மண்மேடுகள் கரைந்து, மரச்சிலுவைகள் சாய்ந்து கிடந்தன. பாதையோரக் கற்களில் எழுதிய வரிசை எண்தான் ஒரே அடையாளம். பெனடிக்ட் கண்ணாடித் திரைமேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினான். தெரசாவின் பெயருக்கு நேர்மேலே இருந்த பெயரை அவன் கண் தாண்டிப் போயிற்று. அது டயானா. அவன் மனைவி. ஆகஸ்டில், பிரசவத்தில் போனவள். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவன் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. அவள் எந்த வரிசை என்பதைக்கூட மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"பன்னெண்டாவது வரிசை. பாதையிலேர்ந்து மூணாவது குழி."

சிவனாண்டி போனார். கொஞ்ச நேரத்தில் வெட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கும் கனத்த சத்தம், பிறகு மண்ணைத் தூக்கி எறியும் சத்தம், பிறகு ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளியில் இன்னொரு சத்தமும் இருந்தது. மெல்லியது, வேகமானது, கோழி குப்பையைக் கிளறுவது போன்றது. கூட ஆள் வைத்திருக்கிறார் போலும் என்று பெனடிக்ட் நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் மனசு உட்காரவில்லை. எண்களில்லாத திரையைப் பார்த்து ஒரு குழியைச் சொல்லிவிட்டோமே என்ற உறுத்தல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சில் கல்லாக ஏறியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சன்னல் வழியே குழைந்த களிமண் வாடையும், அதற்கு அடியில் லேசாக, புளித்த பால் வாடையும் வந்தன. காலையில் புதிய பதிப்பைப் போட்டுவிட்டுப் போன வெங்கடேஷ்பாபுவுக்குப் போன் செய்தான்.

"கோடு, நம்பரு எல்லாம் காணோம்ப்பா."

"எங்கயும் போயிருக்காதுண்ணே. புது வீட்டுல சுவிட்சு எங்கன்னு தடவுற மாதிரிதான். மேல இடது மூலையில உருண்டையா ஒரு பட்டன் இருக்கா?"

"இருக்கு."

"அமுக்குங்க. அடியில ஆப்ஷன்ஸ். அதுல அட்வான்ஸ்டு. எறங்கிக்கிட்டே வாங்க. டிஸ்ப்ளேன்னு வரும். எதெதுக்கு டிக் இல்லியோ டிக் போடுங்க. பயந்துக்கிட்டே போடாதீங்க, வெடிச்சிராது."

சிரித்துக்கொண்டே வெங்கடேஷ்பாபு போனை வைத்தான். பெனடிக்ட் ஒவ்வொன்றாக டிக் போட்டான். பெயர்ப்பட்டை வந்தது. கோடுகள் வந்தன. மிதந்துகொண்டிருந்தவர்கள் மறுபடி அவரவர் கட்டத்துக்குள் அடங்கினார்கள். கடைசியாக வரிசை எண்கள் வந்தன. எட்டு. ஒன்பது. பத்து. பன்னிரண்டு.

பதினொன்று இல்லை.

அவன் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. ஞானஸ்நானம் பெறாமல் போன குழந்தைகளைப் பழைய சுற்றுச்சுவரின் ஓரத்தில் புதைப்பது அந்தப் பங்கின் பழைய வழக்கம். தோட்டத்தை விரிவாக்கியபோது அந்த ஓரம் நடுவில் வந்து பதினோராம் வரிசை ஆயிற்று. ஆகஸ்டில் அதில் ஒரு கட்டத்தில் 'டயானா குழந்தை' என்று தட்டியதும் அவன்தான், மறுநாளே அந்த வரிசை முழுவதையும் திரையில் தெரியாதபடி மறைத்து வைத்ததும் அவன்தான். அழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் முடியவில்லை. குழந்தை மூச்சில்லாமல் பிறந்ததை டயானாவிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாள் கண் மூடும்வரை அவள், "எங்கிட்ட தாங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எண்ணும்போது அந்த ஒரு வரிசை விட்டுப்போயிருந்தது. தெரசா பதின்மூன்று. பன்னிரண்டு, டயானா.

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சன்னலில் ஒரு முகம்.

"சாமி, ஒரு டீத்தண்ணி கெடைக்குமா?" சிவனாண்டி முகத்தை வழித்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கணும். பழைய குழின்னீக. எலும்பா வரும்னு பாத்தா பலக தட்டுது. புதுப் பலக. அதான் வெட்டாம வந்துட்டேன்."

பெனடிக்ட் சன்னல் பக்கம் வந்தான். தோட்டத்திலிருந்து அந்தச் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது. மெல்லியது. வேகமானது.

"அப்ப அங்க... வெட்டிக்கிட்டு இருக்கிறது யாரு?"

சிவனாண்டி திரும்பிப் பார்த்தார். காதுகொடுத்துக் கேட்டார்.

"நான் ஒத்த ஆளுதான் சாமி."

பெனடிக்ட் ஓடினான். செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. சிவனாண்டி பாதை முனையிலேயே நின்றுகொண்டு, "வேணாஞ்சாமி, சாமியார கூட்டியாறேன், எறங்காதீக" என்று கத்தினார். அவள் பெட்டி திறந்து கிடக்கக் கூடாது. அது ஒன்றுதான் அவன் நினைப்பில் இருந்தது. மூடிவிட வேண்டும். மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும்.

குழிக்குள் இறங்கினான். கணுக்கால் வரை தண்ணீர். பெட்டியின் மேல்பலகை அசையாமல் இருந்தது. பக்கப்பலகை இல்லை. உள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தது. அதையடுத்த களிமண்ணில் ஒரு பொந்து. ஆள் தோள் நுழையும் அகலம். மழமழவென்று, உள்ளே போகும் பொந்து. சுற்றிலும் விரல் இழுத்த தடங்கள், ஐந்தைந்தாக. பொந்து பழைய சுவர்ப் பக்கமாகப் போயிற்று. பதினோராம் வரிசைக்கு.

பெட்டிக்குள் யாரும் இல்லை.

பெயர்ந்த பலகை பொந்தின் வாயில் சிக்கியிருந்தது. அதை இழுத்து அடைத்துவிடலாம் என்று கையை விட்டான். முழங்கை வரை. தோள் வரை.

கிளறும் சத்தம் நின்றது.

மழை மட்டும்.

சில்லென்று ஏதோ விரலில் பட்டது. சின்ன விரல்கள். பிறந்த குழந்தை பிடிப்பதைப் போல அவன் சுண்டுவிரலைச் சுற்றி மூடிக்கொண்டன. அதற்குப் பின்னாலிருந்து இன்னொரு கை வந்தது. பெரியது. நகங்கள் இல்லாதது. அவன் மணிக்கட்டை மெதுவாகத் தடவிக்கொடுத்தது.

பெனடிக்ட் கையை இழுத்தான். கை வரவில்லை.