பள்ளமில்லாத பச்சை

திரையில் ஒரு பள்ளம்கூட இல்லை. இரண்டு கிருமிகளின் மரபணு வரிசைகளை மேலும் கீழுமாக வைத்தால், ஒத்துப்போகும் இடத்தில் பச்சை மேடாக எழும். மாறுபடும் இடத்தில் பள்ளம் விழும். ஜோடியே இல்லாத இடம் வெள்ளையாகக் கிடக்கும். ஒரே வகைக் கிருமிக்கும் நாலு பள்ளமாவது இருக்கும். இங்கே பச்சை மதில்போல நின்றது.

மேல் வரிசை, போன மாதம் இந்த ஆய்வுக்கூடத்துக்கு ஏசி பழுதுபார்க்க வந்துபோன, இங்கே வேலை பார்க்கும் அவளுடைய அண்ணனைக் கொன்ற கிருமி. கீழ் வரிசை, இதே ஆய்வுக்கூடத்தின் ஏசி குழாயில் அவள் துடைத்தெடுத்தது.

அண்ணன் செத்ததற்கான அறிக்கையில் 'வீட்டில் வந்த தொற்று' என்று எழுதிக் கையெழுத்திட்டவர் கூடத்தின் தலைவர். எதையும் படிக்காமல் முத்திரை குத்துவதால் பட்டப்பெயரே 'முத்திரை'. அந்த ஒரு வரியால் அண்ணி இன்னும் பாத்திரங்களைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கிறாள். அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"எங்கண்ணி மேல பழியப் போட்டீங்களே சார், இது எங்கேருந்து வந்துச்சு?"

"மாதிரி கலந்திருக்கும்மா. வெறும் தண்ணிய ஓட்டிப் பாரு, அதுலயும் இதான் வரும்."

"வராது."

"வந்தா எல்லாத்தையும் அழிச்சிட்டு வாயை மூடிக்கணும்."

புதுப் புட்டியைத் திறந்து சிறு குப்பியில் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டை மரபணு வரிசை படிக்கும் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுக் குப்பியின் மூடியை இறுகத் திருகினாள். பகல் முழுக்க ஸ்பிரிட் வாடையும் எந்திரத்தின் முனகலும் கண்ணாடி அறையில் அவர் பேனாவைத் தட்டும் சத்தமும் சேர்ந்து மண்டையைக் குடைய, அவற்றுக்கு அடியில் எதுவோ மெல்ல உறிஞ்சுவதுபோல இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

மாலையில் மூன்றாவது வரிசை வந்தது. முழுக்க வெள்ளை.

"வாங்க சார்! கண்ணு தெரியுதுல்ல? தப்பு எங்களோடதுதான்னு எழுதுங்க. இப்பவே. என் முன்னாடியே."

அவர் முகம் சுண்டிப்போனது. பேனாவைத் திறந்தார். கை நின்றது.

"நீ எதையாவது தொட்டியா?"

தொடவில்லை. வெள்ளையின் இடது ஓரத்தில் ஒரு பச்சை முளை. பக்கத்தில் இன்னொன்று. வரிசை நெடுக. பள்ளமே இல்லாமல்.

உறிஞ்சும் சத்தம் இப்போது அருகில்.

இருவரும் திரும்பினார்கள். குப்பித் தண்ணீர் பால்போல் திரண்டிருந்தது. அவள் இறுக்கிய மூடி சுழன்றுகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து.