விரலை எடுத்த பிறகும்

விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை.

அவன் முதலில் பதறவில்லை. டேப்லெட்டில் சிந்தசைசர் ஆப் வைத்து இசை பண்ணுகிற எவருக்கும் பழகிப்போன தொல்லைதான் இது. கண்ணாடித் திரையில் வரைந்திருக்கும் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் எழும், விரலை எடுத்தால் அடங்கும். எப்போதாவது விரல் எடுத்த சேதி ஆப்புக்குப் போய்ச் சேராது, அது பாட்டுக்கு ஊளையிட்டுக்கொண்டிருக்கும். அதற்கென்றே மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. தட்டினால் எல்லாச் சத்தமும் ஒரேயடியாக வாயை மூட வேண்டும். தட்டினான். மூடவில்லை. மறுபடி தட்டினான். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, போனால் போகிறது என்பது போல, இறங்கி இறங்கித் தானாக அடங்கியது. அடங்கும்போது கடைசியில் மூக்கை உறிஞ்சுவது மாதிரி ஒன்று கேட்டது. அது அந்த ஒலியில் இல்லாத சங்கதி. அவனே வெட்டி எடுத்து வைத்த ஒலி. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவனுக்குத் தெரியாதா?

மழை மதியத்திலிருந்தே விடவில்லை. வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் ஆணியடித்து மாட்டியிருந்த போர்வைகள் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, நனைந்த நாயின் வாடையைப் பரப்பிக்கொண்டிருந்தன. மின்விசிறியைப் போட்டால் மைக்கில் ஏறும் என்று அதையும் அணைத்திருந்ததால் கழுத்தில் வியர்வை ஓடியது, ஹெட்போன் பஞ்சு காதோடு ஒட்டிக்கொண்டது. பட்டப்பகல். ஆனால் அறைக்குள் திரை வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை.

ஒரு திகில் தொடருக்குப் பின்னணி இசை அவன்தான். பெரிய ஸ்டூடியோ எல்லாம் கிடையாது. ஒரு ஸ்டூல், அதன்மேல் டேப்லெட், அதற்குள் கடை விரித்தது போல ஆப்புகள். அதில் ஒன்று, எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் வாத்தியமாக்கித் தரும். கதவுக் கீல், குக்கர் விசில், பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்திருக்கிறான். ஒரு துளியைக் கிள்ளி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீட்டி, கட்டைகள் மேல் பரப்பிவிட்டால் போதும். குழாய் சொட்டுவது கோயில் மணி ஆகிவிடும். கொடுத்தது என்னவென்று கொடுத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது நிற்காமல் அடம்பிடித்த ஒலி, அவனுடைய அக்காவின் அழுகை.

நினைக்கும்போதே உடம்பு கூசியது. அக்காவுக்குப் பிள்ளை வயிற்றில் தங்காமல் போயிற்று. அத்தான் வேலைக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நாள் தம்பி வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்து விட்டுப் போனார். அன்றைக்கு இவன் குழாய்ச் சத்தம் பிடிக்க மைக்கைத் திறந்து வைத்தவன், மூட மறந்துவிட்டான். ஹெட்போனில் திடீரென்று அக்கா. அடுத்த அறையிலிருந்து. அவள் அப்படி அழுது அவன் கேட்டதேயில்லை. அடிவயிற்றிலிருந்து ஏறி, தொண்டையில் இரண்டாகப் பிளந்து வரும் குரல். எழுந்து போயிருக்க வேண்டும். மனுஷனாகப் பிறந்தவன் போயிருப்பான். இவனுக்குக் கால் எழவில்லை, கை எழுந்தது. போய்ப் பதிவுப் பொத்தானைத் தொட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அது.

அந்த ஒலிக்குப் பிறகுதான் அவனை நாலு பேருக்குத் தெரிந்தது. தொடரின் எடிட்டர் போனில் குதித்தார். "எங்கே மாஸ்டர் புடிச்சீங்க இதை? கேட்டதும் எனக்குச் சோறு இறங்கல!"

"சும்மா... ஆப்லயே இருந்துச்சு சார்" என்றான். சொல்லிவிட்டு, கண்ணாடி பார்க்காமல் பல் தேய்த்தான் அன்றைக்கு.

கதவுப் பக்கம் ஏதோ அசைந்தது. ஹெட்போனைக் கழற்றித் திரும்பினான். அக்கா தண்ணீர்க் குடத்தோடு கூடத்தைக் கடந்துகொண்டிருந்தாள். காலில் அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பு. சளக் சளக்கென்று கட்டடமே அறியும் செருப்பு.

சத்தமே இல்லை.

குடத்தை மேடைமேல் வைத்தாள். எவர்சில்வர் குடம், கல் மேடை. சத்தமில்லை. இருமினாள் போலிருக்கிறது, தோள் இரண்டும் குலுங்கின. அதுவும் இல்லை. மழை மட்டும் கேட்டது. காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தான். மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது துல்லியமாகக் கேட்டது.

அக்கா பேச ஆரம்பித்தால் ரேடியோ தோற்றுவிடும். ஆஸ்பத்திரி வரவேற்பில் போனை எடுத்துப் பதில் சொல்வதும், மைக்கில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அவள் வேலை. வாயை வைத்துத்தான் பிழைப்பு. விடுப்பு முடியப் போகிறது. போன வாரம் குரல் கம்மியபோது, "அழுது அழுது தொண்டை கட்டிக்கிச்சுடா குண்டா" என்று அவளே சிரித்தாள். ஒல்லிக்குச்சியான தம்பியைச் சின்ன வயதிலிருந்து அவள் குண்டா என்றுதான் கூப்பிடுவாள். முந்தாநாள் குரல் கிசுகிசுப்பாகத் தேய்ந்தது. நேற்று முழுக்க அவள் பேசவே இல்லை. வருத்தத்தில் இருக்கிறாள் என்று இவன் தனக்குச் சௌகரியமாக நினைத்துக்கொண்டான். அந்த நாட்களில் எல்லாம் இவன் உள்ளே உட்கார்ந்து அந்த வாத்தியத்தை வாசித்துக்கொண்டே இருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். இவன் நெஞ்சு இப்போது குறுகுறுத்தது.

அவள் அவன் கதவருகில் வந்து நின்றாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி மறுபடி அசைத்தாள். முகத்தில் பயம், குழந்தை முகத்தில் வருவது போல.

மடியில் கிடந்த ஹெட்போனிலிருந்து, பூச்சி முனகுவது போல ஏதோ வந்தது.

அவன் அதைக் காதில் வைத்தான்.

"...கேக்குதா? குண்டா, நான் பேசறது உனக்குக் கேக்குதா?"

ஆப்பை மூடினான். "எனக்கே கேக்க மாட்டேங்குதுடா." டேப்லெட்டையே அணைத்தான். திரை கறுத்தது. "பயமா இருக்குடா." கறுத்த திரையில் அவன் முகம். காதுக்குள் அவள் எச்சில் விழுங்கும் சத்தம். செருப்புச் சத்தம். குடத்தைக் கல்லில் வைத்த சத்தம், இவ்வளவு நேரம் கழித்து. எல்லாம் உள்ளே. அத்தனையும் உள்ளே போயிருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவனுக்கு. சொல்லாமல் அழித்துவிடலாமா என்று கூட ஒரு கணம் யோசித்தான். அப்படி யோசித்ததற்காகவும் வெட்கப்பட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் துப்பினான். "அக்கா... அன்னைக்கு நீ அழுதேல்ல. நான் அதைப் பதிவு பண்ணிட்டேன். தொடர்ல வர்றது... அது நீதான்."

ஹெட்போனில் அவள் மூச்சு வந்தது. காதுமடல் சூடானது அந்த மூச்சில்.

"அன்னைக்கு நீ வீட்ல இல்லைன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அக்கா. "இருந்தியா?"

"இருந்தேன்."

"கதவு தொறந்துதானே இருந்துச்சு. ஏன்டா உள்ள வரல?"

திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

டேப்லெட்டை உயிர்ப்பித்து அந்த ஒலியைத் திறந்தான். திரையில் அழுகை ஒரு மலைத்தொடர் போல நீண்டு கிடந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாக வெட்டியிருந்தது. அவன் வெட்டியதுதான். அக்கா கதறலுக்கு நடுவே மூச்சை இழுத்த இடம் அது. திரும்பத் திரும்ப ஓடவிடும்போது அங்கே மட்டும் 'டொக்' என்று இடறியது. ஒழுங்காக இல்லை என்று மூச்சைக் கத்தரித்துத் தூரப் போட்டுவிட்டு, கதறலின் வாலைக் கதறலின் தலையோடு ஒட்டினான். அப்படித்தான் முடிவே இல்லாத ஸ்வரம் ஆயிற்று. அன்றைக்குத் தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டது ஞாபகம் வந்தது. அழித்தான். நகல்களைத் தேடித் தேடி அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான்.

கூடத்தில் சளக்கென்றது.

சளக், சளக். ரப்பர் செருப்பு. "ஏ..." என்றொரு குரல், துருப்பிடித்த குழாயில் முதல் தண்ணீர் வருவது போல. "ஏய்... குண்டா! வந்துருச்சுடா!"

அவன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அழுதான். அவள் அவன் தலையில் நங்கென்று குட்டினாள். அந்தக் குட்டுக்கும் சத்தம் இருந்தது. "கோவமில்லைன்னு சொல்ல மாட்டேன். கோவந்தான். மூஞ்சியக் கழுவிட்டு வந்து டீ போடு, போ" என்றாள். ஜன்னல் போர்வையைப் பிடுங்கி எறிந்தான். மழை விட்டிருந்தது. பொழுது சாய்கிற மஞ்சள் வெளிச்சம் உள்ளே வந்தது. காற்றுக்காக வாசல் கதவையும் அக்கா விரியத் திறந்து வைத்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

போன் அடித்தது. எடிட்டர்.

"மாஸ்டர், டி.வி. போடுங்க! இன்னைலேருந்து டைட்டில்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் அடியில உங்க சத்தம்தான் ஓடுது. நீங்க போன வாரம் அனுப்புனதையே இழுத்து இழுத்துப் போட்டுட்டேன். விடாம ஓடும்!"

அவன் போனை மேடைமேல் போட்டான்.

எதிர்வீட்டில் அது ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து ஏறி, தொண்டையில் இரண்டாகப் பிளந்து.

"குண்டா, இது..." என்ற அக்காவின் பேச்சு பாதியில் அறுந்தது. வாய் திறந்தது. பெரிதாகத் திறந்தது. திறந்தபடி நின்றது.

அவன் நடையைத் தாண்டி ஓடி எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அங்கே குடியிருந்தார். கதவைத் திறந்து, வாயெல்லாம் பல்லாக நின்றார். "வாங்க தம்பி, வாங்க! நூறு ஆயுசு உங்களுக்கு. போன வாரம் உங்க அக்கா ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, 'என் தம்பிதான் மியூசிக்கு, கட்டாயம் பாருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கட்டடமே பாத்துட்டிருக்கு!"

"அணைங்க சார். டி.வி.யை அணைங்க."

"அட, என்ன தம்பி இவ்வளவு கூச்சம்?" என்று சிரித்தார் வாத்தியார். ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

அவன் திரும்பினான். திறந்த வாசலுக்கு நேரே, நிலையைப் பற்றிக்கொண்டு, அக்கா. அகன்ற வாய். நெஞ்சு எழவில்லை. ஒரு முறை கூட எழவில்லை. உதட்டோரம் நீலம். இவனையே பார்க்கிற கண்.

"சார்!"

மாடியில் ஆரம்பித்தது, கொஞ்சம் பிந்தி. பிறகு கீழ்த்தளத்தில். அதற்கும் பிந்தி, தெருவுக்கு எதிர்ப்பக்கம். ஒன்று இறங்குவதற்குள் ஒன்று ஏறியது. ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று. நடுவில் மூச்சு விட இடைவெளி இல்லை. எங்குமே இல்லை.

அக்கா ஒரு கையை மட்டும் நிலையிலிருந்து எடுத்து, அவனை உள்ளே வரச் சொல்லி நீட்டினாள்.