கேட்காத பக்கம்

"கடையத் தெறந்து வச்சிட்டு மழைய வேடிக்க பாக்குறீங்களே அண்ணே... ஆள் வந்து நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

மாத்தளை நகரில், திருகோணமலை வீதியில் அப்படியொரு பேய்மழை. குடையையும் மீறி நனைந்து, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கெத்தரினுக்கு மூக்கு நுனியில் கோபம். ரேடியோ திருத்தும் கடையின் மேசைக்குப் பின்னால் இருந்தவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்பப்பா, என்ன கண்கள் அவை... திட்டு வாங்கும்போதும் சிரிக்கிற கண்கள்!

"நான் கடைக்காரன் இல்ல மிஸ். ஜுனைதீன் நானா ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காரு. என் ஹெட்போன திருத்தக் குடுக்க வந்தவன புடிச்சு, வரும் வரைக்கும் பாத்துக்கன்னு உக்கார வச்சிட்டாரு. ரஜீவ்... தம்புள்ளையில மரக்கறி மொத்தக் கடையில வேல. திட்டுறதுன்னா திட்டுங்க. அண்ணேன்னு மட்டும் வேணாமே..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே தெரியவிடுவாளா? முகத்தை இறுக்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியையும் ஹெட்போனையும் எடுத்து வைத்தாள். கம்ப்யூட்டரில் பொருத்தினால் ஒலியைத் தெளிவாக்கி, பெருக்கித் தருகிற அம்ப்ளிபயர் அது.

"இதுல வலது பக்கம் சத்தமே வரல்ல."

"இதே மாதிரி ஒண்ணு என்கிட்டயும் இருக்கு மிஸ். வேல முடிஞ்சு ரூமுக்குப் போனா பேச ஆளில்ல... பாட்டுத்தான் துணை. நான் பாக்கட்டா?"

பேச ஆளில்லை... அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது.

பல்லேபொலை வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். வெளிநாட்டு நிறுவனமொன்றுக்காக நேர்காணல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. நாள் முழுக்கக் காதில் மனிதக் குரல்கள்... பேசுவதற்கு ஒருவருமில்லை. அதிலும் ஒரு கொடுமை. அந்தப் பதிவுகளில் கேள்வி கேட்பவர் இடப்பக்கம், பதில் சொல்பவர் வலப்பக்கம். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கெத்தரினுக்கு வலது காது போய்விட்டது. அதனால் முதலில் கேள்விகளை மட்டும் கேட்பாள். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பதில்களை மட்டும் கேட்பாள். அந்த இருவரும் சேர்ந்து சிரித்தாலும், ஒருவர் தனியே சிரிப்பதுதான் அவளுக்குக் கேட்கும்.

இந்தப் பெட்டி வந்தால் வலது காதும் கொஞ்சம் விழித்துக்கொள்ளும் என்று ஆசைப்பட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாள். இடது காது வலித்ததுதான் மிச்சம். பழுது பெட்டியில்தான் இருக்க வேண்டும்... கடவுளே, பெட்டியிலேயே இருக்கட்டும்!

கடைக் கம்ப்யூட்டரில் பெட்டியைப் பொருத்திய ரஜீவ் அதிர்ந்துபோனான்.

"ஐயையோ... சத்தத்தப் பெருக்குற கெயினும் ஹைல, வொலியூமும் கடைசி வரைக்கும்! இப்படி வச்சா காது போயிருமே மிஸ்!"

இரண்டையும் குறைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.

"பெட்டில ஒரு பழுதும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கேக்குது."

கெத்தரின் மேசையின் மேல் சாய்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க..."

"கேட்டேனே. சந்தேகம்னா திருப்பி மாட்டிப் பாருங்க. அப்பவும் அதே பக்கம் கேக்கலன்னா..."

அவள் கண்கள் கலங்குவதைப் பார்த்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதானே...

"தெரியாத வேலையில கைய வைக்காதீங்க!"

பெட்டியையும் ஹெட்போனையும் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடுவரை அழுதாள்.

"காது விஷயத்த வெளிய மூச்சு விடாத புள்ள," என்றாள் அம்மா. "வந்த ரெண்டு சம்பந்தமும் கைநழுவிப் போனது பத்தாதா?"

அவனுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தால்தான் என்ன... யார் அவன்? அந்த வாரம் முழுக்க 'யார் அவன்' என்று எத்தனை தடவை கேட்டுக்கொண்டாளோ, அவளுக்கே வெளிச்சம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அதே ஜும்மா நேரம், அதே பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றாள். மேசைக்குப் பின்னால் அதே கண்கள்... இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"உங்க ஹெட்போன் இன்னும் திருத்தலையா?" என்றாள்.

"அன்னைக்கே திருத்திக் குடுத்திட்டாரு."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"உங்கள நோகடிச்சிட்டேன்... அதுக்கப்புறம் ஒரு பாட்டு கேக்கப் புடிக்கல்ல மிஸ்."

கெத்தரின் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"என் பேரு கெத்தரின். பெட்டில பழுதில்ல. என் வலது காது கேக்காது... இது தெரிஞ்சவங்க யாரும் ரெண்டாந் தடவ வந்ததில்ல. நீங்களும் போறதுன்னா இப்பவே போயிருங்க."

சொல்லிவிட்டு நின்றாள். அவன் எழுந்தான்... போகப் போகிறான் என்றே நினைத்தாள். அவனோ தான் உட்கார்ந்திருந்த கதிரையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"உக்காருங்க. முதல்ல இருக்கிற காதக் காப்பாத்துவோம். கெயின் லோல இருக்கட்டும். வொலியூம பூச்சியத்துக்குக் கொண்டு வாங்க. இப்ப மெதுவா... மெதுவாத் திருப்புங்க. வசதியாக் கேட்டதும் நிப்பாட்டிறணும்."

அவள் திருப்பினாள். தன் வேலையைப் பற்றி, கேள்வியையும் பதிலையும் தனித்தனியே கேட்பதைப் பற்றி எல்லாம் கொட்டித் தீர்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தவன் கம்ப்யூட்டரில் எதையோ தேடி அழுத்தினான்.

"மோனோன்னு சொல்லுவாங்க. உங்க கம்ப்யூட்டர்லயும் இத அழுத்தி வச்சா, இனிமே ரெண்டு குரலும் கலந்து ரெண்டு பக்கமும் வரும். உங்க பதிவு ஒண்ணு போடுங்க பாப்போம்."

பையிலிருந்த பென் டிரைவைச் செருகி ஒன்றைப் போட்டாள். ஒரு கேள்வி... அதன் பின்னாலேயே பதில்! யாரோ ஒரு பகடி சொல்ல, இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள். கெத்தரினின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"சேந்து சிரிக்கிறாங்க..." என்றாள்.

ஹெட்போனைக் கழற்றியபோது ரஜீவ் அவளுடைய வலப்பக்கம் நின்றிருந்தான். எதிரே இருந்த கண்ணாடி அலுமாரியில் அவன் உதடுகள் அசைவது தெரிந்தது. சட்டென்று திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லையே..."

"வாய் அசஞ்சிச்சே!"

அவன் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"கேக்குற பக்கம் நின்னு சொல்லத் தைரியம் வரல்ல கெத்தரின்... அதான்..."

"இது நல்லா இருக்கே! இந்தப் பக்கம் வாங்க. சொன்னதையே சொல்லணும், ஒரு வார்த்த கொறயக் கூடாது."

பாவம்... தம்புள்ளைச் சந்தை இரைச்சலில் தொண்டை கிழியக் கத்துகிறவன், மேசையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் வியர்த்துப் போனான். அவளுடைய இடது காதருகே குனிந்தான்.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. சம்மதம்னா சொல்லுங்க... ஞாயித்துக்கெழம அம்மாவப் பாக்க வாரேன்."

கெத்தரினுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத்தான் கேட்டது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"கேக்கல்ல... இன்னொருக்கா சொல்லுங்க."