இறந்தவன் தட்டிய தந்தி

டக்... டக்... ஒரு சின்னத் தயக்கம். பிறகு, டக்!

லோர்னாவின் கையிலிருந்த காப்பி தளும்பி, எதிரே உட்கார்ந்திருந்த மாலுமியின் மேல் கொட்டியது.

"அம்மாடி! நான் காப்பி கேக்கவே இல்லையேங்க..." அவன் சிரித்தான். சாம்பல் நிறக் கண்கள். சியாட்டில் போகும் படகின் ஜன்னலுக்கு வெளியே இருந்த மூடுபனியில் கொஞ்சம் உள்ளே வந்துவிட்ட மாதிரி...

அவள் சிரிக்கவில்லை. மேஜையில் அவன் விரல்கள் சும்மா தட்டிய அந்தத் தாளம்... அது எவரெட்டின் கை! எவரெட் இந்த வசந்தத்திலேயே செத்துப்போனவன்.

போர் நடந்துகொண்டிருந்தது. தீவிலிருந்த கடற்படை நிலையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஜப்பான்காரர்களின் தந்தியையும் அமெரிக்கக் கப்பல்களின் தந்தியையும் கேட்டு எழுதுவது லோர்னாவின் வேலை. தந்தி அடிக்கும் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு தட்டும் பாணி, ஒரு 'கை' உண்டு, குரல் மாதிரி. லார்க்ஸ்பர் கப்பலின் எவரெட்டை அப்படித்தான் அவளுக்குத் தெரியும். கடைசி எழுத்துக்கு முன்னால் எப்போதும் தயங்குவான்... விடைபெற மனசில்லாதவன் போல. முகம்கூடப் பார்க்காமல் அந்தத் தயக்கத்தின் மேல் பைத்தியமாக இருந்தாள், அசடு! கப்பல் மூழ்கிய மதியம், பாதிச் செய்தியில் அந்தக் கை நின்றது. வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்தவள் ஆயிற்றே.

ஆனால் போன வாரம் அந்தக் கை திரும்பி வந்தது. கடலடியில் கிடப்பவன் தந்தி அடித்தான்! "நீ எதுவும் கேக்கலை" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

"காப்பி சுட்டுச்சே! பேரு கிளைட். கடற்படையில பென்சில் சீவுறேன். நீங்க?"

"குப்பைக்கூடை கொட்டுறேன்."

ரகசிய வேலையில் இருப்பவர்களுக்கு, யார் கேட்டாலும் சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுத்த பொய்கள். புரிந்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"எவரெட்..." என்றாள் மெல்ல.

அவன் முகம் வெளுத்தது. "அந்தப் பேரை யார் சொன்னா?"

"உங்க விரல்."

அந்த நேரம் பார்த்து, மூடுபனியில் எச்சரிக்க ஊதும் படகின் பனிச்சங்கு அலறியது. திடுக்கிட்டவனின் விரல்கள் படபடவென்று தட்டின. தயக்கமே இல்லை. அவசரம், குளறல், நடுவில் ஒரு துள்ளல்...

கடவுளே, ஒரே ஆளுக்குள்ள ரெண்டு பேரோட கை!

"தயக்கத்தோட தட்டினது உங்க கை இல்ல. கப்பல் இன்னும் மிதக்குதுன்னு எதிரி நம்பணும்னு, நீங்க அவனை மாதிரியே தந்தி அடிச்சு..."

"உஷ்!" சுற்றும்முற்றும் பார்த்தான். "ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அவன் என் சிநேகிதன். மாசக்கணக்காப் பழகி, தினமும் அவனாவே இருந்து... தூக்கத்துலகூட அவன்தான் தட்டுறான். என் கை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுங்க. சில நேரம், முழுகினது நான்தானோன்னு தோணுது."

அவள் கை தானாக நீண்டது. அவன் விலகிக்கொண்டான்.

"வேணாம். நீங்க தேடுறது அவனை. செத்தவனோட போட்டி போட என்னால ஆகாது."

எழுந்துவிட்டான். படகு கரையை முட்டியது. அவன் சொல்வது நிஜம்தானே? ஒரு ஆவியையா இத்தனை நாள் காதலித்தாள்? ஆனால் இப்போது அவள் காதில் நின்றது அந்தத் தயக்கம் அல்ல... சங்குக்குப் பயந்த குளறல்தான்!

ஓடிப்போய் வழிமறித்தாள். உள்ளங்கையை விரித்தாள்.

"என் பேரு லோர்னா. உங்க பேரை இதுல தட்டுங்க. அவனா இல்ல, நீங்களா."

தட்டினான். கடைசி எழுத்துக்கு முன்னால்... தயக்கம். மறுபடியும் தட்டினான். மறுபடியும் எவரெட்!

"வரலைங்க..." அவன் கண் கலங்கியது.

"அப்ப நான்தான் சங்கு ஊதணும்!" வாயைக் குவித்தாள். "பூம்ம்ம்!"

இறங்கிக்கொண்டிருந்த கூட்டமே திரும்பிப் பார்த்தது. கிளைட் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு விரல்களும் ஓடின. அவசரம், குளறல், துள்ளல்... உள்ளங்கை கூசியது.

"இதான்!" அந்த விரல்களை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டாள். "முழுகினது நீ இல்ல, கிளைட். எனக்குப் பிடிச்சது இந்தக் கைதான். திங்கக்கிழமை தந்தியில எவரெட் வரட்டும், கேட்டு எழுதிக்கிறேன். ஆனா சனிக்கிழமை இந்தப் படகுல எனக்கு நீ வேணும்... வருவியா?"

அவள் கைக்குள்ளேயே அவன் விரல் அசைந்தது... 'வருவேன்.'

கடைசி எழுத்துவரை தயக்கமே இல்லை.